பந்தயக் காரின் மேல் விரித்த பாவாடை

மொன்றியாலில் இருந்து வந்த மனிதர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஞானத்தின் கலியாணப் பாவாடையை ஒரு பந்தயக் காரின் முதுகில் விரித்து, அதன் தையலை அளந்துகொண்டிருந்தார்.

ஞானம் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அளந்து முடியும்வரை திரும்புவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். என்னிடம் பிளவுஸ் தைப்பித்த கமலாக்கா பிளாஸ்கில் கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணியைக் கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி, கராஜில் நின்ற எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். ரெசின் பசை மணத்துக்குள் இஞ்சி மணமும் கலந்துவிட்டது.

"முடிஞ்சுதே இந்திராக்கா?" என்று ஞானம் சுவரிடம் கேட்டாள்.

"இல்லையடி. இப்பதான் ஒரு பக்கம் அளக்கிறார்," என்றேன்.

"கூறைக்குள்ள உடுத்தின பாவாடை. என்ரை மனுசனே இதை வெளிச்சத்திலை வடிவாப் பாத்ததில்லை."

கமலாக்காவுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் உண்மையான கார்தானா, யாரோ பின்னாளில் செய்துவிட்ட நகலா என்று அந்த மனிதர் அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும். நகல் என்றால், கோடையில் நடக்கும் பழைய பந்தயக் கார்களின் ஓட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. அதைக் கட்டிய கிழவர், கண் முழுதாக மங்குவதற்கு முன் அது இன்னொருமுறை ஓடுவதைக் காண வேண்டும் என்று காத்திருந்தார். அவர் ஆசை அத்தனையும் அந்தப் பாவாடைத் தையலில் வந்து நின்றது.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் தையல் மெசினோடு மல்லுக்கட்டிய கதையை வாசித்துவிட்டுச் சிலர் கேட்டிருந்தார்கள், "நீங்கள் ரேஸ் கார் செய்ததாக ரொறன்ரோவில், ஸ்காபரோவில் ஒரு கதை உலாவுகிறதே, அது மெய்யா?" என்று. மெய்தான். நான் செய்தேன். சும்மா உதவிக்கு நின்றேன் என்று அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நாரை என்றொரு கார்

வீதியில் ஓடும் காரைக் கொண்டுவந்து, கழற்றிப் பூட்டி, வேகமாக்கினால் அது ஒரு வகைப் பந்தயக் கார். இது அந்த வகை இல்லை. ப்ரோட்டோடைப் என்பார்கள். பந்தயத்துக்கென்றே வெறுந்தரையில் இருந்து கட்டி எழுப்புவது. எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது.

அது ஓடும் பந்தயமும் வேறு மாதிரி. பகல் முழுக்க, இரவு முழுக்க ஓட வேண்டும். சாரதிகள் களைத்தால் இறங்கிப் படுக்கலாம், இன்னொருவர் ஏறுவார். காருக்கு மட்டும் படுக்கை இல்லை. எவ்வளவு வேகம் என்பதோடு, விடிந்த பிறகும் அது உருண்டுகொண்டிருக்கிறதா என்பதும் அங்கே கணக்கு.

பெரிய பெரிய கொம்பனிகள் ஆயிரம் பேரை வைத்துச் செய்கிற வேலை இது. இதை ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில், வரிசையாகக் கடைகள் உள்ள ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில், நாலைந்து பேரை வைத்துக்கொண்டு செய்யப் புறப்பட்டவர் வோல்டர். நெடுத்த மனிதர், நெடுத்த மூக்கு, முன்கோபம். ஏரிக்கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரையை மணித்தியாலக் கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அதனால் காருக்கும் 'ஹெரன்' என்று பெயர் வைத்தார். நாரை. காரின் மூக்கும் நீளம்தான், கட்டியவரைப் போல.

ஹெரன் இரண்டே இரண்டுதான் பிறந்தது. முதலாவது சோதனை ஓட்டத்திலேயே தீப்பற்றி எரிந்துபோனது. சாரதி குதித்து ஓடித் தப்பிவிட்டார். இரண்டாவதன் உடம்பை வெட்டியவள் நான்.

லோன்றியில் ஒரு கேள்வி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பிளாசாவின் முன்பக்கத்தில் உடுப்பு வெளுக்கும் ஒரு லோன்றி. அதற்குள் ஒரு மூலையில் என் தையல் மெசின். காற்சட்டையின் காலை வெட்டிக் கட்டையாக்குவது, பிய்ந்த சிப்பை மாற்றுவது, இதுதான் பகல் வேலை.

மற்ற நேரமெல்லாம் சாறி பிளவுஸ். அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குச் சனிக்கிழமை வந்தால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் சாமத்தியச் சடங்கு வீடு. சாறி எங்கிருந்தெல்லாமோ வரும். பிளவுஸ் தைக்க ஆள் இல்லை. வெக்ஸ்போர்ட்டில் இருந்து மோர்னிங்சைட் வரைக்கும் என் கைக்குப் பெயர் இருந்தது. ஒருத்தி மூன்று பஸ் மாறி வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவாள் என்றால் பாருங்கள்.

ஒருநாள் வோல்டர் தன் மகள் ஜேனின் பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்துப்போக வந்தார். நான் நிலத்தில் துணியை விரித்து, சாய்வாகத் திருப்பிப் போட்டு, சோக்கால் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். கிராஸ் கட் பிளவுஸ் அப்படித்தான் வெட்ட வேண்டும். துணியைச் சாய்த்து வெட்டினால் அது வளைவோடு வளைந்து கொடுக்கும். நேராக வெட்டினால் நெஞ்சுப் பக்கத்தில் சுருங்கி நிற்கும்.

"ஏன் கோணலாகப் போடுகிறாய்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன்.

அப்போது என் ஆங்கிலம் ஒரு கைப்பிடி. கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். "நேராக வெட்டினால் சுருக்கம்," என்றேன்.

பாவாடையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஒரு கறுப்புத் துணியோடு வந்து நின்றார். மினுமினுவென்று, மீன் செதிலைப் போல நெய்த துணி. "இதை உன்னால் வெட்ட முடியுமா?"

அதுதான் கார்பன் துணி. காரின் வடிவத்தில் குழிவான ஓர் அச்சு இருக்கும். அதற்குள் இந்தத் துணியை ஒட்டப் படுக்கவைத்து, ரெசின் பூசி, காற்றை உறிஞ்சி எடுத்து, அறை அளவு பெரிய அவணில் வேகவைக்க வேண்டும். இறுகி வந்தால் அப்படி ஒரு உரம். வோல்டரின் பையன்களுக்கு உருளும் சில்லுக்கு மேலே வரும் வளைவில்தான் தகராறு. எப்படிப் படுக்கவைத்தாலும் துணி சுருங்கியது. சுருங்கின இடம் பிறகு வெடிக்கும்.

நான் அந்த வளைவைத் தடவிப் பார்த்தேன். கமலாக்காவின் தோளை விடக் கஷ்டமாக எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளே என் நல்ல கத்தரிக்கோல் மொட்டையாகிப் போனது. கையெல்லாம் கடியும் அரிப்பும். விளிம்பைத் தொட்டால் நூல் நூலாகப் பிரிந்து வரும், சனியன் பிடித்த துணி. ஆனால் சாய்த்து வெட்டினேன், அச்சுக்குள் ஒரு சுருக்கமும் இல்லாமல் போய் அமர்ந்தது. வோல்டர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்த முகம் இன்னும் எனக்குத் தெரியும். அடுத்த திங்கள் தொடக்கம் நான் லோன்றியில் அரை நாள், காரில் அரை நாள்.

என் கணவரின் அடிமட்டம்

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். தச்சு வேலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியிருக்க, எங்கள் அப்பார்ட்மெண்டின் பின்னால் யாரோ எறிந்த கட்டில் பலகை ஒன்றைத் தூக்கிவந்து, பல்கணியில் வைத்துச் சீவிச் சீவி, துணியில் கோடு போட ஓரடி நீளத்தில் எனக்கொரு அடிமட்டம் செய்து தந்தார். ஆச்சரியப்படுத்துகிறாராம்.

அதன் ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவர் அவ்வளவு சந்தோசமாக நீட்டியபோது, கோணல் என்று சொல்ல எந்தப் பெண்சாதிக்கு மனம் வரும்? அதையே வைத்துத் தைத்தேன்.

நான் வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் தையல் போகும் கோட்டைச் சோக்கால் போடுவேன். அந்தக் கோட்டோடு அடிமட்டத்தை அணைத்து வைத்து, அதன் மற்றக் கரையில் இன்னொரு கோடு. அதில் வெட்டுவேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளுக்கு விடும் துணி. நீளத் தையல் என்றால் அடிமட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைப்பேன். அதனால் அந்த வெட்டுக்கோடு ஒடுங்கிக்கொண்டே வந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை சின்னதாக ஒரு படி ஏறும்.

உள்ளுக்குத் துணி ஏன் விடுகிறோம் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு அளவெடுத்த உடம்பு அடுத்த தை மாதத்தில் அப்படியே இருக்காது. ஒரு பிள்ளை பிறக்கும், இரண்டு கலியாண வீட்டுச் சாப்பாடு சேரும். தையலைப் பிரித்து விட்டால் அதே பிளவுஸ் இன்னும் பத்து வருடம் போகும். துணி விடாமல் ஒட்ட வெட்டுகிற தையல்காரியை எங்கள் ஆட்கள் இரண்டாம் தரம் தேடி வரமாட்டார்கள்.

ஆகவே காருக்கும் விட்டேன்.

கார்பன் துணியில் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிப் படுக்க வேண்டும். நகத்தளவு போதும் என்று வோல்டர் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு அடிமட்டத்தின் அகலத்துக்கு விட்டேன். கை அப்படித்தான் பழகியிருந்தது. வேண்டுமென்று செய்தேனா, அறியாமல் செய்தேனா என்று கேட்காதீர்கள். அளவு எடுத்தால் துணி விடுவேன், அவ்வளவுதான்.

முழு உடம்பையும் தராசில் வைத்த அன்று வோல்டர் கத்திய கத்தில் முன்பக்கத்து லோன்றிக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"இது பிளவுஸ் இல்லை இந்திரா! கார் கொழுக்காது!"

"கொழுக்காது," என்றேன். "ஆனால் இடிபடும்."

பந்தயக் காரில் பாரம் கூடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த விசயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். திரும்ப வெட்ட அவகாசம் இருக்கவில்லை. உள்ளுக்கு விட்ட துணியோடேயே ஹெரன் அமெரிக்காவுக்குப் போனது.

ஞாயிறு மத்தியானம்

நான் போகவில்லை. எங்கள் அகதி வழக்கு முடியாத காலம். எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது. ஆகவே என் கார் ஓடுகிற நேரம் நான் வீட்டில் இருந்து ஒரு மணப்பெண்ணின் பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அந்த மணப்பெண்தான் ஞானம்.

ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது. வோல்டர்.

"முடித்துவிட்டது," என்றார். இருட்டில் இன்னொரு கார் வந்து பின்பக்கத்தில் இடித்ததாம். வால் வெடித்தாலும் கழன்று விழவில்லையாம். பேர்பெற்ற கார்கள் பாதியில் நின்றுபோக, ஸ்காபரோ நாரை எங்கோ கடைசிப் பக்கத்தில் என்றாலும் தன் சில்லில் தானே உருண்டு கோட்டைத் தாண்டியிருக்கிறது. நான் சந்தோசத்தில் வாயிலிருந்த ஊசியை விழுங்கப் பார்த்தேன்.

"ஆனால் பாரம் கூடிப்போனது," என்றார் அடுத்த மூச்சில். "பாரம் இல்லாவிட்டால் முன்னுக்கு வந்திருப்போம்."

வாழ்த்தும் குறையும் ஒரே மூச்சில். அதுதான் வோல்டர்.

அதன்பிறகு ஹெரன் ஓடவில்லை. பண ஆதரவு தந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். பட்டறை மூடப்பட்டது. கார் கைமாறிக் கைமாறி மேற்கே எங்கோ ஒரு பண்ணைக் கொட்டிலில் போய் முடங்கியது. அதற்குள் ரக்கூன் குட்டி போட்டதாகவும் கேள்வி. நான் பழகிய கையைச் சும்மா விடவில்லை. கார்பனில் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். நான் வெட்டிய கால்களோடு இந்த நகரத்தில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். இப்போது மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில், கணவரும் நானும் மகள் துளசியோடு இருக்கிறோம்.

"கைப்பழக்கம் இல்லாதவர் செய்த நகல்"

அண்மையில் ஒருநாள் ஜேன் அழைத்தாள். பள்ளிக்கூடப் பாவாடைக்காரி, இப்போது அவளுக்கே நரைத்துவிட்டது. ஹெரனைத் தேடிப்பிடித்து வாங்கி, அதே வெக்ஸ்போர்ட் பிளாசாவின் பின்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். கோடையில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஓட்டப் பாதையில் பழைய பந்தயக் கார்கள் ஓடும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தி, அதை ஓடவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆனால் கார் அசலா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வருவார். அப்படி வந்தவர்தான் மொன்றியால் பெர்னார்ட். மரியாதையான மனிதர், சப்பாத்தில்கூடத் தூசி இருக்காது. மூடியைக் கழற்றி, உட்பக்கத்தைப் பார்த்தார். உட்பக்கம் நிறம் பூசாதது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் அப்படியே தெரியும். அகலமான ஏற்றம், ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி.

"எந்த ஒழுங்கான பட்டறையும் இப்படிச் செய்யாது," என்றாராம். "கைப்பழக்கம் இல்லாத யாரோ பின்னாளில் செய்த நகல்."

ஜேன் இதைச் சொன்னபோது எனக்கு நரம்பெல்லாம் கொதித்தது. "துளசி, காரை எடு," என்றேன்.

"அம்மா, எனக்கு மீற்றிங் இருக்கு."

"கைப்பழக்கம் இல்லாதவளாம் நான். மீற்றிங்கைத் தள்ளி வை."

கராஜுக்குள் போய் அந்த உட்பக்கத்தில் கையை வைத்தேன். என் வெட்டு எனக்குத் தெரியாதா? பெர்னார்ட்டிடம் அடிமட்டத்தின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைப் பார்க்கலாமா?" என்றார்.

பார்க்க முடியாது. நாங்கள் மார்க்கத்துக்கு வீடு மாறியபோது, என் கணவர் அதை யாரோ உடைத்த கட்டிலின் பலகை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அதைச் செய்த அதே மனிதர்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடிமட்டம் போனால் என்ன, அது வெட்டிய துணி ஸ்காபரோ முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதே. முதலில் கமலாக்காவுக்குப் போன் அடித்தேன்.

"நான் தைச்ச பிளவுஸ் ஏதும் கிடக்கே அக்கா?"

"கிடக்கு. ஆனா எல்லாத்தையும் பிரிச்சு விட்டிட்டனடி. உள்ளுக்கு ஒரு நூல் மிச்சமில்லை. ஞானத்தைக் கேள், அவள்தான் இப்பவும் ஈர்க்கிலாட்டம் நிக்கிறாள்."

ஞானத்திடம் எல்லாம் பிரிக்காமல் இருந்தன. ஆனால் பிளவுஸின் பக்கத் தையல் ஒரு சாண். படி ஏறுவது அதில் தெரியாது. நீளத் தையல் வேண்டும். அவள் கூறைக்குள் உடுக்க நான் தைத்த பாவாடையில் அது இருக்கும்.

"பாவாடையோ? வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்ரை பாவாடையை விரிக்கச் சொல்லுறியளோ?"

"எனக்காக ஞானம்."

"உங்களுக்காக எண்டபடியால் கொண்டுவாறன். ஆனா நான் பாக்க மாட்டன்."

அளந்து முடிந்தபோது

பெர்னார்ட் பாவாடையை இரண்டு தரம் அளந்தார். பிறகு காரின் உட்பக்கத்தை அளந்தார். பிறகு பாவாடையை மறுபடியும். ஒரே அகலத்தில் தொடங்கி, ஒரே அளவு ஒடுங்கி, ஒரே தூரத்தில் படி ஏறியது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"மேடம், சந்தேகமே இல்லை. இந்தத் துணியை வெட்டிய கைதான் இந்தக் காரையும் வெட்டியது."

கமலாக்கா கை தட்டினார். துளசி "யெஸ்!" என்று கத்தினாள். ஞானம் சுவரில் இருந்து திரும்பினாள். ஒரு மூலையில், ஊன்றுகோலைப் பிடித்தபடி கதிரையில் இருந்த வோல்டர் மட்டும் அசையவில்லை.

"அதுதான் இப்போது சிக்கல்," என்றார் பெர்னார்ட். சிரிப்பு போய்விட்டது. "பந்தயத்தில் ஓடிய ஹெரனின் உடம்பு இங்கிலாந்தில், பேர்பெற்ற ஒரு பட்டறையில் செய்தது என்று மிஸ்டர் வோல்டர் அந்தக் காலத்தில் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். இந்த உடம்பை வெட்டியவர் இந்தப் பெண்மணி. அப்படியென்றால் இது ஓடிய கார் இல்லை."

"என்னவாம்?" என்றார் கமலாக்கா.

துளசி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா வெட்டினதாலைதான் இது ஃபேக் எண்டுறார்."

நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். இங்கிலாந்து! என் கத்தரிக்கோல் மொட்டையானது, என் கை கடித்தது, நான் திட்டு வாங்கியது எல்லாம் இங்கிலாந்தில் யாரோ ஒருவன் பெயரில் போயிருக்கிறது. காலில் இருந்து தலைவரைக்கும் எரிந்தது. அவ்வளவு காலமும் அந்த மனிதரை முன்கோபி என்றுதான் நினைத்திருந்தேன், களவாளி என்று நினைக்கவில்லை.

"அப்பா?" என்றாள் ஜேன்.

வோல்டர் நாடியை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேர்பெற்ற பட்டறையோடு வேலை செய்த பெரிய மனிதர் என்ற பெயர் அவருக்கு இருக்கும், கார் நகலாகப் போகும். வாயைத் திறந்தால் கார் தப்பும், அவர் பொய்யர். கராஜில் நின்ற எல்லோருக்கும் இது விளங்கியது. ஞானத்துக்குக்கூட.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"வோல்டர், என்ரை மனுசன் சீவின கோணல் அடிமட்டத்தை இங்கிலாந்துக்கு ஆர் கொண்டுபோனது? சொல்லுங்கோ பாப்பம்."

தமிழில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் தலை குனிந்தது.

"இங்கிலாந்தில் யாரும் இல்லை," என்றார்.

பெர்னார்ட் கிட்ட வந்தார்.

"உடம்பை யார் செய்கிறார்கள் என்று ஆதரவு தர வந்தவர்கள் கேட்டார்கள். லோன்றியில் சிப் மாற்றும் பெண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கிலாந்து என்றேன். ஒருதரம் சொன்ன பிறகு ஒவ்வொரு தரமும் சொல்ல வேண்டி வந்தது. பாரம் கூடியது அவளால்தான் என்று அவளுக்கே பல தரம் சொன்னேன். நல்ல வேலையும் அவளுடையதுதான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை."

"இப்போது மட்டும் நான் ஏன் உங்களை நம்ப வேண்டும்?"

"அந்தப் பொய்யால் எனக்கு முப்பது வருடம் மரியாதை கிடைத்தது," என்றார் வோல்டர். "இந்த உண்மையால் என் மகளுக்கு முன்னால் வெட்கம்தான் கிடைக்கிறது. யார் இதற்காகப் பொய் சொல்வார்கள்?"

ஜேன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லு," என்றேன் துளசியிடம். "கமலாக்காவுக்குக் கேக்கேல்லை."

கமலாக்காவுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. துளசி சொன்னாள். வோல்டர் ஊன்றுகோலை ஊன்றி, ஜேன் பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டு, தானாக எழுந்து நின்று சொன்னார். இந்தமுறை முன்பக்கத்துக்கே கேட்டிருக்கும். "ஹெரனின் உடம்பை வெட்டியது இந்திரா. இங்கே. இந்தக் கட்டிடத்தில்."

பெர்னார்ட் கையுறையைக் கழற்றினார். பாவாடையை மடிக்கப் பார்த்தார், வரவில்லை. சுருட்டி, இரண்டு கையாலும் ஞானத்திடம் நீட்டினார். ஞானம் வெடுக்கென்று பறித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

கிழக்கே, கோடையில்

பெர்னார்ட் அன்றைக்கே முடிவு சொல்லவில்லை. சில கிழமை கழித்துத்தான் ஜேன் அழுதுகொண்டு அழைத்தாள். அசல் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பந்தய நாளன்று நாங்கள் இரண்டு காரில் போனோம். மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி, கடலை வடை ஒரு பெட்டி, கமலாக்காவின் பிளாஸ்க். என் கணவர், தன் அடிமட்டத்தால்தான் கார் தப்பியது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரை யார் மறுப்பது? ஆனால் வோல்டரை நான் மன்னித்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். வணக்கம் சொன்னேன், பக்கத்தில் இருந்தேன், ரோல்ஸ் கொடுத்தேன். அதற்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒலிபெருக்கியில் ஒவ்வொரு காரின் வரலாறாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஹெரனின் முறை வந்தது. இயந்திரம் இன்னது, சாரதி இன்னார். பிறகு, "உடம்பு, இந்திரா, வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ." வோல்டர் தானே கேட்டுச் சேர்க்க வைத்தாராம். ஞானம் என் முதுகில் ஒரு அடி போட்டாள். நான் அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு நாரை வந்தது. அதே நீள மூக்கு. அது ஓடி என் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தத்தோடு எங்களைத் தாண்டிப் போக, பின்னால் வந்த இரண்டு கார்கள் வளைவில் அதை முந்தின. வோல்டருக்கு அது தெரிந்திருக்காது. அதற்குள் கண் முழுதாக மங்கிவிட்டது, காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பாரமாகத்தான் போகிறது," என்றார்.

"ஓம்," என்றேன். "அதாலைதான் இன்னும் போகுது."

துளசி அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னாள். நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல், அவர் கையைக் காற்றில் நீட்டித் தேடினார். அது அங்குமிங்கும் தடவுவதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பிடித்துக்கொண்டேன். ஹெரன் அடுத்த சுற்று வரும்வரை இரண்டு பேரும் விடவில்லை.